தோய்க்க வேண்டாம்

முதல் மாதம் முழுக்க
இலக்கத்தைப் பற்றித்தான் சண்டை.
அடிவாங்கின கையோடு நிற்கிறவருக்கு
ஆறு எண்ணுக்கு மேல் மனதில் நிற்காது என்றார் டோர்த்தே.
எட்டுக்குக் குறைத்துத் தரமாட்டோம் என்றது கம்பனி.
எட்டுத்தான் கிடைத்தது. கடைசி நாலும் ஒரே எண்.

வுப்பர்டாலில், சைக்கிள் கடைக்கு மேலே, ஓர் அறை.
மேசை மூன்று. ஹெட்செட் மூன்று,
ஒன்றுக்கு இடது பக்கம் பேசாது.
யன்னலுக்கு நேரே தொங்கு ரயில்
ஆற்றின் மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும்.
போகும்போதெல்லாம் தேநீர்க் கோப்பை நடுங்கும்.

நிசாருக்கு அரபும் குர்தியும்.
இல்க்நூருக்குத் துருக்கி.
செவ்வாய், வியாழன் இரவுகளில் நான்:
தமிழ், கொஞ்சம் சிங்களம்,
பேக்கரியில் மாப் பிசைந்தபடி பழகிய ஜெர்மன்.

ஸ்டிக்கர் ஒட்டப் போனோம்.
பள்ளிவாசலில் செருப்புத் தட்டுக்கு மேல்,
யூத ஆலயத்துக் காவலரின் கூண்டுக் கண்ணாடியில்,
தமிழ்க் கடை முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில்,
ரயில் நிலையக் கழிவறைக் கதவின் உட்புறத்தில்.
ஓடிப்போய் ஒளிகிற இடம் அதுதான் என்றாள் இல்க்நூர்.
எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாளே பாதியை நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
சுரண்டினவருக்கும் இலக்கம் பாடமாகியிருக்கும்
என்று சிரித்தான் நிசார்.

முதல் அழைப்பு பிட்சா கேட்டது.
இரண்டாவதில் மூச்சு மட்டும், நாலு நிமிடம்.
மூன்றாவது, அந்த நகம்:
எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள்?
பாடம்தான் ஆகியிருந்தது.

படிவத்தில் கட்டங்கள் உண்டு.
சொல். எச்சில். தள்ளல். அடி. தீ.
எல்லாவற்றுக்கும் கீழே 'ஏனையவை',
இரண்டு வரி இடம்.

பதினோராம் இரவு, ஒன்று இருபதுக்கு,
தமிழில் ஒரு குரல்:
"பிள்ளை, இந்தக் கோட்டைத் தோய்க்கலாமோ?"

வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா
என்று முதலில் கேட்கப் பழக்கியிருந்தார்கள்.
நாக்குக்கு வரவில்லை.

"பஸ்ஸிலை. பின்னுக்கு இருந்தவன்.
கொலரிலை பட்டது, காய்ஞ்சிட்டுது.
மகள் விடிய எழும்பினால் கேட்பாள்.
அதுதான், அவள் எழும்ப முன்னம்..."

தோய்க்க வேண்டாம் என்றேன்.
கடதாசிப் பையில் போடுங்கோ, பிளாஸ்டிக் கூடாது.
திகதி எழுதுங்கோ. பஸ் இலக்கம், நேரம்.
பேனை எழுதாமல்
இலாச்சியில் இன்னொன்று தேடும் சத்தம்.
பொலிசுக்குப் போகவேணுமோ?
உங்கடை விருப்பம். போனால் நானும் வருவேன்.
போகாவிட்டாலும் பை இருக்கட்டும்.

"அதை வீட்டுக்குள்ளையோ வைக்கிறது?"

என்னுடையது நீல ஜாக்கெட்.
தொண்ணூறு டிகிரியில், இரண்டு தரம்.
சாயம் போய், சுருங்கி,
தம்பியின் மகளுக்கு அளவாகிவிட்டது.
அவள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.
அன்றைக்கு இப்படி ஓர் இலக்கம் இருக்கவில்லை.
இருந்திருந்தால் எடுத்திருப்பேனோ, தெரியாது.

"பல்கனியிலை வையுங்கோ. மழை படுமோ?"
"மேல் வீட்டுப் பல்கனி மறைக்கும்."
கதவு திறந்தது. ஹெட்செட்டுக்குள்
குளிர் இரைந்தது.
"காத்துக்குப் பறக்காமல் மேலே ஏதும்?"
"வெங்காயம். அஞ்சு கிலோ."
சிரிப்பு வந்தது,
அவருக்குத்தான் முதலில்.

பிறகு சிரிப்பில்லாத ஒரு சத்தம்.
அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கேட்டுக்கொண்டிருப்பதற்குத்தான் இந்த அறை,
பாதி வாடகை நகரசபை, பாதி நாங்கள்.

வைத்தபோது மூன்று மணி.
எச்சில் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
பெயர்: சொல்லவில்லை.
வயது: கேட்கவில்லை.
ஏனையவை: கோட் பல்கனியில், கடதாசிப் பையில்.
மேலே ஐந்து கிலோ வெங்காயம்.
மகளுக்கு இன்னும் தெரியாது.